ஏழு மாதம் மிச்சம்

…பொய் ஒன்றும் எழுதவில்லையே, கூரை ஒழுகுகிறதுதானே, மேலே தண்ணீர்த் தாங்கி வெடித்துக் கார்த்திகையிலிருந்து முன்னறைக் கொங்கிறீட் ஊறிக்கொண்டுதானே இருக்கிறது, அம்மாவின் சேலைகளெல்லாம் பூஞ்சணம் மணக்கின்றனவே, அதைத்தான் கடிதத்தில் எழுதினாள், வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, திருத்தித் தராதபடியால் முன்கூட்டியே வீட்டை விடுகிறேன், இப்படிக்கு மூ. தர்மிளா… கட்டி முடித்த சட்டிமூட்டையை எதற்கு மறுபடி அவிழ்க்கிறாள்? கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. நாலு மாதமாக எத்தனை தரம் போன் எடுத்திருப்பாள், வீட்டுச் சொந்தக்காரர் கனடாவில், பொறுப்பாக நிற்பது வீரகத்தி அண்ணை, கேட்கும்போதெல்லாம் நாளைக்கு ஆளை அனுப்புறன் தங்கச்சி என்பார், அந்த நாளை விடியவே இல்லை. ஆனால் கடிதத்தைக் கொடுத்ததும் மனுசன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "ஓம், நியாயம்தான், ஒழுகிற வீட்டில கட்டிலோட கிடக்கிற வருத்தக்கார மனுசியை வச்சிருக்கேலாது, கெதியா மாறுங்கோ, கெதியா" என்று மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அவருக்கும் தெரியும். கீழே அரிசிக்கடை, படிக்கட்டு நடுவில் ஒடுங்கித் திரும்புகிறது, அதில் பெட்டி திரும்பாது. வாடகை வீட்டில் செத்தவீடு நடத்த யார் விடுவார்கள், பந்தலை எங்கே போடுவது, கடைக்காரரின் வாசலிலா, காரியம் முடியும்வரை விளக்கு எரிய ஒரு மூலை வேண்டாமா… அவரும் அதைச் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை, இரண்டு பேரும் ஒழுக்கைப் பற்றியே கதைத்தார்கள்.

இனி அம்மாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ என்று டொக்டர் சொன்னபோது எந்த வீட்டுக்கு என்றுதான் அவளுக்கு முதலில் ஓடியது. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்றுதானே கிளிநொச்சி டவுனில் இந்த மேல்மாடியை எடுத்தது. அன்று பின்னேரம் அம்மாவைப் பின்னறையில் படுக்கவைத்துவிட்டுப் படிக்கட்டில் நின்று தம்பி ஜனகனுக்குப் போன் எடுத்தாள், வட்டக்கச்சியில் அவன் கட்டும் வீட்டுக்கு இன்னும் கதவு போடவில்லை, "அதுக்கென்னக்கா, சொந்தக் காணிதானே, கொண்டு வா" என்றான். மிஞ்சினால் ஒரு மாதமாம் என்றாள், இங்கை வச்சு ஏதும் நடந்தால் எப்பிடியடா கீழ இறக்கிறது என்றாள்… இறக்கிறது! நெல்மூட்டையையா இறக்குகிறார்கள்? அப்படி ஒரு சொல் தன் வாயிலிருந்து எப்படி வந்தது? அம்மாவிடம் மறுநாள் காலை ஒழுக்கைத்தான் சொன்னாள், இதுக்குள்ள இருக்கேலாதம்மா, தம்பி வீட்ட போவம். அம்மா, மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வன்னிக்கு வந்து நாற்பது வருசம் கழிந்தும் மாறாத அந்தப் பேச்சில், "ஆமா புள்ள, இந்த ரூமும் ஒழுக ஆரம்பிச்சிருச்சு, தலவாணியெல்லாம் ஈரம்" என்றாள். தொட்டுப் பார்த்தால் ஈரம்தான். முன்னறை ஒழுகுகிறதென்றுதானே தை மாதம் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றியது, இதுவுமா? தையல்கடையில் நின்றே வீரகத்தி அண்ணைக்குப் போன் எடுத்து, நீங்களும் ஒரு மனுசனோ என்று கத்தினாள், கூட வேலை செய்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது சுகமாகத்தான் இருந்தது, அழுவதைவிட. அதற்குப் பிறகு பத்து நாளும் விடிய எழும்பித் தலையணையைக் கொடியில் போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.

சற்று முன்னர் அம்மாவைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி ஜனகனும் ஓட்டோக்காரனும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், அந்தத் திருப்பத்தில் கதிரைக்கால் இடறி நின்றுவிட்டது, அம்மா சுவரில் ஒரு கையை ஊன்றித் தலை குனிந்து, "கொஞ்சம் சாச்சுப் புடிங்கப்பா" என்றாள், ஏதோ தன்னால்தான் எல்லாருக்கும் கரைச்சல் என்பதைப்போல. பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் தர்மிளா மேலே வந்துவிட்டாள். சாவி வாங்க வந்த வீரகத்தி அண்ணை முன்னறை வாளியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பின்னறைக்கு வந்து வெறுங் கட்டிலுக்கு நேரே நிமிர்ந்து பார்த்தார். "இதில ஒழுக்கு இல்லைப் போல கிடக்கே, தங்கச்சி?" அவளும் நிமிர்ந்தாள்… இத்தனை நாளில் ஏன் ஒருதரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை? வெள்ளை அடித்தபடி அப்படியே இருந்தது, ஒரு கறை இல்லை, தாங்கி இருப்பது மற்றப் பக்கம். கையிலிருந்த அம்மாவின் தலையணை இன்றைக்கும் ஈரம். படிக்கட்டில் நின்று தம்பியோடு போனில் கதைத்தபோது கதவு சாத்தியிருந்ததா? இல்லை, சாத்தவில்லை. அதற்கு அடுத்த விடியலில்தானே முதல் ஈரம். கட்டிலடியில் செம்பு நிறையத் தண்ணீர் வை புள்ள என்று அம்மா தினமும் கேட்டாளே, அதைத்தான் தலையணையில் ஊற்றினாளா, வீட்டை விட மகளுக்கு ஒரு காரணம் இருக்கட்டும் என்று… அல்லது செம்புத் தண்ணீரே இல்லையா, ஒவ்வொரு இரவும்… ஐயோ, கட்டிலுக்குப் பக்கத்துப் பாயில்தானே தானும் படுத்திருந்தாள், ஒரு சத்தமும் கேட்கவில்லையே.

"இதுவும் ஒழுகினதுதான் அண்ணை" என்று சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினாள். ஓட்டோவுக்குள் சாய்ந்திருந்த அம்மா அவள் நெஞ்சோடு பிடித்திருந்த தலையணையைப் பார்த்து, "ஈரத்த எதுக்குத் தூக்கிட்டு வர்ற, அங்கனயே போட்டுட்டு வந்திருக்கலாம்" என்றாள். காயும் அம்மா என்று பக்கத்தில் ஏறி இருந்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் மேல்மாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல வூடுதான் புள்ள… ஒழுகாம இருந்திருந்தா."

ஓம் அம்மா என்றாள் தர்மிளா.