ஒரே குளியலறை, இரண்டு படம்

அண்ணனிடம் பேரம் பேசுவதைவிடப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவள் அவள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களை இருபது வருடமாகப் பார்ப்பவள். தெரிந்துதான் சொல்கிறாள்.

அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் இருவருக்கும் சரிபாதி. அண்ணன் குடும்பம் அங்கேயே இருப்பதால் தங்கையின் பாதியை அவர் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. விலையை யார் வாய்திறந்து சொல்வது? நீ சொல்லு, நீ சொல்லு என்று ஒரு மாதம் போனது. கடைசியில், வீட்டு விலையை மதிப்பிட்டுச் சொல்லும் இணையதளத்தில் வீட்டைப் பதிந்தார்கள். மாதக் கடைசி ஞாயிறு காலை பத்து மணிக்கு அது என்ன காட்டுகிறதோ, அதில் பாதி. மிஷினுக்கு அண்ணனும் கிடையாது, தங்கையும் கிடையாது.

முதல் நாள் அது காட்டிய விலையைப் பார்த்ததுமே அவள் அண்ணனின் சம்பளத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷன். ஐம்பது வயதுக்கு மேல் அவ்வளவு கடன் வாங்கிக் கட்ட முடியாமல் போய், வீட்டையே யாருக்காவது விற்றுவிட்டால்? அவள் பிறந்த வீடு அது. அண்ணன் கையில் அது இருக்கிறவரைதான், சொல்லாமல் கொள்ளாமல் போய் உட்கார அவளுக்கும் ஓர் இடம்.

சொந்தக்காரர்கள் விவரங்களைத் திருத்தலாம் என்று தளத்தில் ஒரு பட்டன் இருந்தது. ‘மேல்தளம் ஒழுகும்’ என்று போட்டாள். விலை இறங்கியது. மூன்றாம் நாள் பார்த்தால் பழையபடி ஏறி நின்றது. ‘சுவரில் ஈரம்’ என்று போட்டாள். இறங்கியது, பிறகு முன்னைவிட ஏறியது. 

“இதுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?” என்று ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரை முறைத்தாள். 

“யாருக்கும்மா?” என்றார் உள்ளேயிருந்து டாக்டர்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு அண்ணன் வீட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்தபோது விலை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மனசு கேட்காமல், இதுவரை போகாத படங்கள் பக்கத்துக்குப் போனாள். குளியலறை ஒன்று. குளியலறை இரண்டு. இரண்டாவது படத்தில் குழாய்க்குக் கீழே ஒரு டைல் மூலை உடைந்து கிடந்தது. எட்டு வயதில் இரும்பு வாளியைப் போட்டு அவள் உடைத்தது. நான்தான் உடைத்தேன் என்று சொல்லி அடி வாங்கியது அண்ணன். முதல் படத்திலும் அதே டைல்.

“அண்ணா, நம்ம வீட்டுல எத்தனை பாத்ரூம்?”

அண்ணன் ஆறிப்போன டீயை ஊதினார். “கதவுகிட்ட நின்னு ஒரு படம் எடுத்தேன். ஜன்னல் பக்கமா ஒண்ணு.”

“எதுக்கு?”

“விலை பாட்டுக்கு இறங்கிட்டே இருந்துச்சு. அம்மாவைக் கடைசிவரைக்கும் பார்த்துக்கிட்டவ நீ. உன் பங்கைக் குறைச்சுக் குடுத்துட்டு இந்த வீட்டுல எனக்குத் தூக்கம் வருமா?”

“இறக்கினதே நான்தான்.”

பக்கத்தில் நின்ற அண்ணி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டம்ளர் தளும்பியது. “அந்த மிஷினுக்கே பைத்தியம் பிடிக்க வச்சிட்டீங்களே, ரெண்டு பேரும்.”

பத்து மணிக்குள் உள்ளதை உள்ளபடி போட்டுவிடுவது என்று முடிவானது. மேல்தளம் போன வருடமே பூசியாகிவிட்டதாம், ஒழுகலை எடுத்தாள். ஈரத்தையும் எடுத்தாள். அண்ணன் சத்தமில்லாமல் இரண்டாவது குளியலறையை எடுத்தார்.

“படுக்கையறை மூணுன்னு போட்டிருக்கியே?” என்றாள்.

“மூணுதானே.”

மூன்றாவது, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பொந்து. அவள் பத்தாவது படிக்கும்போது, தனியாகப் படிக்க இடமில்லை என்று அழுதாள் என்பதற்காக அண்ணன் பலகை அடித்துக் கொடுத்தது. கதவுக்குப் பதில் ஒரு துணி. 

“ஜன்னல் இருந்தாத்தான் ரூமாம். இங்க போட்டிருக்கு பாரு,” என்றாள்.

அண்ணன் மாடிப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மூன்றை அழித்துவிட்டு இரண்டு என்று போட்டார். விலை சரிந்தது. அவள் மாதம் முழுக்க ஆசைப்பட்டது அதைத்தான். ஆனாலும் மனசுக்குள் என்னவோ சுருக்கென்றது.

“அது ரூமே இல்லதானே,” என்றாள்.

“யார் சொன்னா? அது ரூம்தான், வாண்டு.” நாற்பத்தாறு வயதிலும் அவருக்கு அவள் வாண்டுதான். “அதை நான் உன்கிட்ட வாங்கல. அப்புறம் எதுக்கு விலையில சேர்க்கணும்?”

அவள் எழுந்து போய்ப் படிக்குக் கீழே தொங்கிய துணியை விலக்கினாள். கட்டிலில் துவைத்த விரிப்பு போட்டிருந்தது. தலையணைக்குப் பக்கத்தில், போன தடவை அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடி. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அண்ணனும் வந்து, தலை இடிக்காமல் குனிந்து, பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மணி பத்து,” என்று ஹாலிலிருந்து அண்ணி சொன்னார். யாரும் எழுந்து போகவில்லை.