இருபத்து மூன்றாவது கேள்வி

"கடந்த ஆறு மாதத்தில் உங்களுக்குச் சிறுநீர்ப் பாதைத் தொற்று ஏற்பட்டதா?" பெங்களூரு பொம்மனஹள்ளியில் நூற்று நாற்பது பெண்களிடம் இதைக் கேட்டேன். நூற்று நாற்பது பேரும் இல்லை என்றார்கள்.

பத்து வருஷம் கார்மென்ட்ஸில் காலர் தைத்தவள் நான். யுனிவர்சிட்டிக்காரர்கள் எங்கள் ஏரியாப் பெண்களின் உடல்நலத்தை ஆராய வந்தபோது, வீடு வீடாகக் கேட்டு எழுத என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே கண்டிஷன், தாளில் அச்சடித்ததை அப்படியே வாசிக்க வேண்டும், ஒரு சொல் மாறக் கூடாது. நானும் கிளிப்பிள்ளை மாதிரி வாசித்தேன்.

பொறுப்பாளர் வித்யாலட்சுமி மேடம். கும்பகோணத்துப் பெண், நல்ல மனசு. வெள்ளிக்கிழமை தாள்களைப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு டோரதிக்கா, இது யாருக்குமே இல்ல. ஞாயித்துக்கிழமை நாம நடத்தற மெடிக்கல் கேம்ப்ல யூரின் டெஸ்டை எடுத்துடலாம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லைனில் உட்கார்ந்து தைத்தவளுக்குத் தெரியாதா? "ஒரே ஒரு வீட்டுக்கு என்கூட வாங்க மேடம்" என்றேன்.

என்னோடு வேலை செய்த ரத்தினம்மாள் லீவு போட்டுப் படுத்திருந்தாள். மேடமே கேள்வியைக் கேட்டார். அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அந்த மாதிரி வியாதியெல்லாம் எங்க வீட்ல யாருக்கும் கெடையாதுங்க."

நான் தாளை மடித்து வைத்தேன். "அக்கா, சூடு பிடிக்குதா?"

"அது இல்லாத பொம்பள லைன்ல யாருடி இருக்கா? டாய்லெட் போகக் கேட்டா சூப்பர்வைசர் 'ஆமேலே, ஆமேலே'ன்னு கன்னடத்துல தள்ளிப் போடுவான். அதுக்குப் பயந்து தண்ணியே குடிக்கறதில்ல. வெந்தயம் ஊறவச்சுக் குடிச்சா அடங்கிடும். இந்த வாட்டி அடங்கல. பத்து நாளா எரிச்சல், ரெண்டு நாளா குளிர் ஜுரம், விலாவுல வேற குத்துது."

மேடம் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "கிளம்புங்கம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"சூட்டுக்கு யாராவது ஆஸ்பத்திரி போவாங்களா?" என்று அக்கா என்னைத்தான் கேட்டாள். கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன்.

கிட்னி வரைக்கும் ஏறிவிட்டது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்று சொல்லி டாக்டர் அட்மிட் செய்தார். டிரிப்ஸ் ஏறிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வெளியே பெஞ்சில் மேடம் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். "உங்க யாரையும் கேக்காம நானே கேள்வி எழுதிட்டேன்" என்றார். பாவமாக இருந்தது. அச்சடித்த வரியை அடித்துவிட்டு என்னிடம் பேனாவை நீட்டினார். 'சூடு பிடிக்குதா?' என்று எழுதினேன்.

"மறுபடியும் எல்லாரையும் கேக்கணும். யார் வீட்லேருந்து ஆரம்பிக்கலாம்?"

பயிற்சியில் முதல் தாளை எங்களையே கேட்டுத்தான் நிரப்பினார்கள். அன்று காலையும் எரிச்சலோடுதான் போயிருந்தேன். அப்படியும் இல்லை என்றே சொன்னேன்.

"என்கிட்டேருந்து ஆரம்பிங்க மேடம்" என்றேன்.