அலை இல்லாத தகடு

எனக்கு வாய் நீளம். காது அதைவிட நீளம். யாங்கோன் பபேடான் பேட்டையில ஆர்மோனியம் ரிப்பேர் பார்க்கிற ரேவதின்னா பஜனைக்காரங்க எல்லாருக்கும் தெரியும். சுருதி மயிரிழை விலகினாலும் எனக்குப் பல்லு கூசும். பாட்டு நடுவுலேயே எழுந்து, "பெட்டியை நிறுத்துங்கய்யா"ன்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டவள் நான்.

இந்தக் காதுதான் காடெக்கைக் கவுத்துடுச்சு.

காடெக் பாலித் தீவுக்காரி. யாங்கோனுக்கு ஓட்டல் வேலைக்கு வந்து ஆறு வருஷமாச்சு. புருஷனும் அதே ஓட்டல்ல சமையல்காரர். போன திங்கக்கிழமை ரெண்டு வாத்தியத்தை டாக்சியில ஏத்திக்கிட்டு என் கடைக்கு வந்தாள். ஒவ்வொண்ணுலயும் பத்து வெண்கலத் தகடு, கயிறுல கோத்து மூங்கில் குழாய்க்கு மேல தொங்குது. கயிறு இத்துப்போச்சு, மாத்தணும்.

"வெள்ளிக்கிழமைக்கு வேணும், மா ரேவதி"ன்னா. நாங்க பேசிக்கிறது பர்மியிலதான்; அதுல 'மா'ன்னா அக்கா.

அவளோட அக்கா ஊர்ல இறந்துட்டாளாம். வெள்ளி மத்தியானம் தகனம். அப்போ இந்த ரெண்டையும் ஜோடியா வாசிக்கிறது அவங்க வழக்கம். ஊருக்குப் போயிட்டு வர்ற அளவுக்கு இவளுக்கு லீவு கிடைக்கலை. அதனால இங்கேருந்தே போன் வழியா, புருஷனோட சேர்ந்து வாசிக்கப் போறாள். ஒரு வாத்தியம் இவளோடது, இன்னொண்ணு அக்காவோடது. ஜோடியைப் பிரிக்கக் கூடாதுன்னு இவள் கிளம்பும்போது அக்கா தன்னோடதையும் கொடுத்து அனுப்பியிருக்காள்.

கயிறு மாத்த அரை நாள் ஆச்சு. மாத்திட்டுத் தட்டிப் பார்த்தா, கஷ்டகாலம், ஒரே இடத்துத் தகடு இதுல ஒரு சுருதி, அதுல ஒரு சுருதி. சேர்த்துத் தட்டினா ஓங் ஓங்னு நடுங்குது. எவனோ அரைகுறை செஞ்சிருக்கான், துக்கத்துக்கு வாசிக்கிற வாத்தியம் இப்படியா இருக்கணும்னு எனக்கு மனசு கேக்கலை. அரத்தை எடுத்தேன். அக்காவோட பத்துத் தகட்டையும் அடிப்பக்கம் நடுவுல ராவி இறக்கி, தங்கச்சியோடதோட ஒரே சுருதியாக்கி வச்சேன். கேக்காத வேலை, ரெண்டு நாள் ஆச்சு.

புதன்கிழமை சாயங்காலம் காடெக் வந்தாள். ரெண்டையும் சேர்த்துத் தட்டினாள். மறுபடி தட்டினாள். குனிஞ்சு தகடு பக்கத்துல காதை வச்சாள்.

"மா ரேவதி, அலை எங்கே?"

எனக்குப் புரியலை. அவள் பொறுமையாச் சொன்னாள். ஜோடியில ஒண்ணைக் கொஞ்சம் இறக்கி, ஒண்ணைக் கொஞ்சம் ஏத்தி, வேணும்னேதான் செய்வாங்களாம். ஒண்ணு வண்டு மாதிரி முரலும், ஒண்ணு மூச்சை இழுக்கும். ரெண்டும் சேர்ந்தா அந்த நடுக்கம் வரும். அதுதான் அலை, அதுதான் உயிர். ரெண்டும் ஒண்ணாயிட்டா வாத்தியம் செத்த மாதிரிதான்.

என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா தேவலை. "நான் கெடுத்துட்டேன்மா"ன்னு அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்.

அவ போன்ல அக்காவும் இவளும் வாசிச்ச பழைய பதிவு ஒண்ணு இருந்துச்சு. வியாழக்கிழமை விடிஞ்சதும் அதைப் போட்டுப் போட்டு, அலை எத்தனை வேகம்னு எண்ணினேன். நடுவுல ராவினா சுருதி இறங்கும், ஓரத்துல ராவினா ஏறும். ஒவ்வொரு தகடா ஓரத்துல ராவி ஏத்தினேன். காடெக் வேலைக்குப் போகாம எதிர்ல உக்காந்துக்கிட்டா. சரியா வந்ததும் கையைத் தூக்குவா. ஆயுசு முழுக்க நடுக்கத்தை விரட்டினவ, அன்னிக்குப் பூரா பல்லைக் கடிச்சுக்கிட்டு நடுக்கத்தைத் தேடினேன்.

ஒன்பது தகடு ஆச்சு. பத்தாவதுல மாட்டிக்கிட்டேன். அதைத்தான் எல்லாத்தையும் விட அதிகமா இறக்கித் தொலைச்சிருந்தேன். இப்போ ஓரமும் மெலிஞ்சு, கயிறு போற ஓட்டை வரைக்கும் வந்தாச்சு. இன்னொரு தடவை அரம் வச்சா பிளந்துடும்.

"உன்னோடதைக் கொஞ்சம் இறக்கிடறேன் காடெக். அலை வந்துடும், யாருக்கும் தெரியாது."

அவள் ரொம்ப நேரம் அந்தத் தகட்டைத் தடவிக்கிட்டே இருந்தாள்.

"வேண்டாம். இது இப்படியே இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவ வீட்டுக்குப் போனேன். அரிசி டின்னுல சாய்ச்சு வச்ச போன்ல அவங்க அம்மா தெரிஞ்சாங்க, பின்னாடி புகை. காடெக் தன்னோடது முன்னாடி உக்காந்தா, புருஷன் அக்காவோடது முன்னாடி. வாசிச்சாங்க. அந்த நடுக்கம் அறை முழுக்கப் பரவுச்சு. நான் விரட்டப் பார்த்தது இதைத்தானா!

பத்தாவது தகடு வந்தப்போ மட்டும் சத்தம் அலையில்லாம ஒரே சீரா நின்னுச்சு. போன்ல அந்த அம்மா தலையைத் தூக்கினாங்க. மறுபடி வந்துச்சு, மறுபடி தூக்கினாங்க. வெக்கத்துல நான் தரையைப் பார்த்துக்கிட்டேன்.

வாசிச்சு முடிச்சதும் அம்மா ஏதோ கேட்டாங்க. காடெக் மெதுவாப் பதில் சொன்னா. அந்த அம்மா முகத்தை மூடிக்கிட்டாங்க.

"என்ன கேட்டாங்க?"ன்னேன்.

"அந்த ஒரு இடத்துல மட்டும் ஏன் ஒருத்தர் வாசிக்கிற மாதிரியே கேக்குதுன்னு கேட்டாங்க, மா ரேவதி. இனிமே நான் ஒருத்திதானேம்மான்னு சொன்னேன்."