கேசட்டின் கெட்டுப்போன கடைசிப் பகுதி

மஞ்சளும் நீலமுமாகக் கோடுகள் நடுங்கிக்கொண்டே ஏறுகின்றன, திரையின் நான்கு ஓரங்களிலும், நடுவில் வெறும் வெள்ளை, அண்ணன் அதன் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான், சாமி புறப்பாட்டுக்குக் காத்திருப்பவனைப் போல, லட்ச ரூபாய் லேப்டாப், கண் சிமிட்டும் நேரத்தில் முடித்துவிடும் வேலை, அதை ஐந்து நிமிடம் இழுக்க வைப்பதற்காகவே இவன் வருடக்கணக்காக ஒரு எமுலேட்டர் எழுதிக்கொண்டிருக்கிறான், அதாவது செத்துப்போன பழைய கம்ப்யூட்டரைப் போலப் புதுக் கம்ப்யூட்டரை நடிக்க வைக்கும் மென்பொருள், அந்தக் காலத்தில் பெட்டி மெதுவாக ஓடுகிறது என்று காலை உதைத்து அழுதவனும் இவன்தான், இப்போது அதே மந்தத்தை இழை பிசகாமல் செய்து தருகிறான், நல்ல கால் உள்ளவன் நொண்டிப் பழகுகிறான், அதற்குக் கைதட்ட உலகமெங்கும் பழைய கம்ப்யூட்டர் பித்தர்களின் ஒரு கூட்டம். சத்தம் போடாத பாப்பா, லோடு ஆகுது என்கிறான், சத்தத்தை அவனே அணைத்துதான் வைத்திருக்கிறான், பிறகு நான் போடும் சத்தம் எதைக் கெடுக்கும், ஐம்பது வயதில் என்னைப் பாப்பா என்கிறான், நானும் வாயை மூடிக்கொள்கிறேன், பழக்கம் அப்படி, உறையூர் வீட்டின் கூடம் அப்படிப் பழக்கியிருந்தது.

சிறுமியாக மறுபடி அந்தக் கூடத்தில்தான் இருக்கிறேன், சிங்கப்பூர்ச் சித்தப்பா கொண்டுவந்த கறுப்புக் கம்ப்யூட்டர் பெட்டி, ரப்பர் விசைகள், ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் டேப் ரெக்கார்டர், கேசட்டிலிருந்து கிறீச்சென்று ஓர் அலறல் வரும், அதைத்தான் பெட்டி புரிந்துகொண்டு ஆட்டமாக மாற்றும், அலறல் முடியும்வரை யாரும் மிக்ஸி போடக்கூடாது, ஃபேன் சுவிட்சைத் தொடக்கூடாது, கரண்ட் ஒரு துளி ஆடினாலும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும், அம்மா சட்னிக்குத் தேங்காயைத் துருவி வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நிற்கிறாள், பூங்குன்றா, ஆச்சாப்பா, ஆச்சா, இரும்மா என்கிறது அண்ணனின் முதுகு. இதையெல்லாம் எந்த எமுலேட்டரில் எழுதுவான், பெட்டிக்குள் ஒவ்வொரு சில்லும் எவ்வளவு தாமதித்தது என்று அவனுக்குத் தெரியும், அம்மா எவ்வளவு நின்றாள் என்று தெரியாது, கேட்டால், அது ஹார்டுவேர் இல்லையே என்பான்.

டேப் ரெக்கார்டர் அதற்கு முன் அம்மாவுடையதாக இருந்தது, வானொலி நிலையத்தில் பகுதிநேரமாகச் செய்தி வாசிக்க ஆள் எடுக்கிறார்கள், குரலைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்று அம்மா எங்கோ படித்திருந்தாள், வாசிக்கச் செய்தி வேண்டுமே, அவளே எழுதிக்கொண்டாள், உறையூரில் இன்றும் குழாயில் தண்ணீர் வரவில்லை, எதிர்வீட்டுப் பசு கன்று ஈன்றது, தாயும் சேயும் நலம், நானும் அவளும் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்துச் சிரித்து, சிரிப்பு அடங்கியதும் அவள் தொண்டையைச் செருமி மறுபடி தொடங்குவாள், அந்தக் குரல், வெண்கலமும் தேனும் என்றெல்லாம் சொல்ல எனக்கு வராது, தெருமுனையில் நின்றாலும் ஒவ்வொரு எழுத்தும் தனியாகக் காதில் விழும், அவ்வளவுதான். திங்கட்கிழமை அனுப்பலாம் என்று கேசட்டை அலமாரியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு வெற்றுக் கேசட் இல்லை. பரிசல் என்று ஓர் ஆட்டம் எழுதியிருந்தான், ஒரு சதுரம் மற்ற சதுரங்களில் முட்டாமல் கீழே போக வேண்டும், அதை அம்மாவின் குரல்மேல் பதிந்துவிட்டான், பையன் படிப்புக்குத்தானே, நீ இன்னொரு தடவ பேசிக்கிட்டாப் போச்சு என்றார் அப்பா, டேப் ரெக்கார்டர் அதற்குப் பிறகு பெட்டியைவிட்டு விலகவில்லை, கடைசித் தேதி போயிற்று, அம்மா தேங்காய் துருவினாள், எனக்கு இன்றும் அதை நினைத்தால் எரிகிறது.

பிறகு அவள் கழுத்தில் கட்டி வந்து அறுத்தார்கள், குரல் போய்விட்டது, இப்போது காதருகே குனிந்தால்தான் கேட்கும், ஒரு காற்று, அதில் சொற்கள். இந்தக் கூட்டமோ பரிசலைக் கொண்டாடுகிறது, இந்தியச் சிறுவன் எழுதிய அபூர்வம், கேசட்டை அப்படியே நகலெடுத்துக் காப்பாற்ற வேண்டுமாம், காப்பாற்றுகிறார்கள். ஒரே ஒரு சிக்கல் பாப்பா, ஆட்டம் முடிஞ்சப்புறமும் டேப்புல என்னமோ இருக்கு, பெட்டிக்குப் புரியல, எங்க ஆளுங்க ரெண்டு வருஷமா மண்டைய ஒடைச்சிக்கிறாங்க, நான் அந்தக் காலத்துலயே ஏதோ பூட்டு மாதிரி போட்டிருக்கேன்னு எங்க கூட்டத்துல ஒரு போலந்துக்காரர் சொல்றாரு, எனக்கே ஞாபகமில்ல, என்று பெருமையாக ஒரு வரைபடத்தைக் காட்டினான், மேடும் பள்ளமுமாக ஒரு கோடு, அதை அளந்திருக்கிறார்கள், பெருக்கியிருக்கிறார்கள், இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டிருக்கிறார்கள், கேட்டுப் பார்த்தீங்களாண்ணே என்றேன், எதுக்கு, கிறீச்சுன்னு காதைக் கிழிக்கும், நாங்க யாரும் சத்தம் வச்சுக்கறதில்ல, படமாத்தான் பாப்போம். இத்தனை மேதைகள். ஆட்டம் ஏறி முடிந்து டேப் அந்தப் பகுதிக்கு வந்ததும் நான் கைநீட்டி ஒலியைத் திறந்துவிட்டேன்.

நாளை மழைக்கு வாய்ப்பில்லை, துணிகளை மாடியில் உலர்த்தலாம், என்றது லேப்டாப்.

அண்ணன் படக்கென்று நிறுத்தினான், அட, வெறும் பேச்சு, டேட்டாவே இல்ல, என்று முகம் வாடினான், எனக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது, உலகத்தில் மிஞ்சியிருக்கும் அம்மாவின் குரல் முழுக்க அதில் இருக்கிறது, இவனுக்குப் பூட்டு இல்லையே என்று வருத்தம், சரி, இந்தக் கெட்ட பகுதிய வெட்டிட்டு ஃபைலை ஏத்திடறேன், கேசட்டு நாளைக்குக் கூரியர்ல போலந்துக்குப் போகுது, என்று விசைமேல் விரல் வைக்கிறான், அப்போதுதான் அவன் தோளில் ஒரு கை, அம்மா உள்ளறைக் கட்டிலைவிட்டு எப்போது எழுந்து வந்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை, குனிந்தோம்.

உன் ஆட்டத்த வெட்டிட்டு மீதிய எனக்குக் குடு.

அதுக்கு அடியில ஒண்ணும் இருக்காதும்மா, அது மேல பதிஞ்சது, அழிஞ்சது அழிஞ்சதுதான் என்று அவளுக்கு விளக்குகிறான், அவளுக்கு, அம்மா அவனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, இருக்கறது போதும், எந்திரி, கேசட்டும் இங்கயே இருக்கட்டும், என்றது அந்தக் காற்று. எழுந்துவிட்டான். நான் அவன் நாற்காலியில் உட்கார்ந்து வரைபடத்தில் அடர்ந்து கறுத்திருந்த பரிசலை முழுக்கத் தேர்ந்து அழித்தேன், அவனிடம் அதற்கு எத்தனையோ நகல்கள் இருந்தன, இருந்தும் எதையோ பறிகொடுத்தவன்போல நின்றான், மிச்சத்தை அவனுடைய எமுலேட்டரிலேயே ஓடவிட்டேன், பெட்டிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, மஞ்சளும் நீலமும் ஒழுங்கு கெட்டுத் தடித்தும் மெலிந்தும் அவள் மூச்சு விட்ட இடத்தில் நின்றும் ஓடின, அம்மாவின் உதடுகள் அதோடு சேர்ந்து அசைந்தன, நாளை மழைக்கு வாய்ப்பில்லை, துணிகளை மாடியில் உலர்த்தலாம், செய்திகள் வாசித்தது தையல்நாயகி. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை வேறு யாரும் உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. கோடுகள் நின்றுபோயின, அம்மா வேறொரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டி இன்னொரு தடவை போடச் சொன்னாள்.