கழுவிய வெங்காயம்

இதெல்லாம் நடந்த வரிசை எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பது சந்தேகம்தான். விதை கொடுக்க ஆரம்பித்து மூன்றாவது வருஷமா, நான்காவதா என்று என் மனைவி ஜோதியிடம் கேட்டேன். "நீங்க வேணியத் திட்டுன வருஷம்" என்றாள். அது நினைவிருக்கிறது.

குன்னத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிறிஸ்தவ சபை சின்னது. நான் அதன் செயலாளர். கோயிலை ஒட்டி வேணிக்கு அரை ஏக்கர் கொல்லை, புன்செய் நிலம். அவள் எங்கள் சபைக்காரி இல்லை. அவள் புருஷன் பைக் விபத்தில் செத்ததும், வருஷா வருஷம் அவளுக்கு விதை வெங்காயம் கொடுப்பதென்று முடிவு செய்தோம். தையில் வரும் அறுப்பின் பண்டிகையில் பீடத்தில் வைக்கும் காய்கறிகளை ஏலம் விடுவது வழக்கம். வெங்காயத்தை மட்டும் விடாமல் அவளுக்கு அனுப்பினோம். பீடத்துக்கு என்பதால் பெண்கள் தாளை அறுத்து, மண் போகக் கழுவி, துடைத்து அடுக்குவார்கள். பளபளவென்று இருக்கும்.

அவள் அதை விற்றுவிடுவாள். வைகாசி நடவுக்கு எங்கள் வாசலில் வந்து நிற்பாள். நான் வேறு விதை வாங்கிக் கொண்டுபோய்ப் போடுவேன்.

அந்த வருஷம் விதை கிடைப்பதே பெரிய பாடாக இருந்தது. நட முடியாவிட்டால் கொல்லையை ஊர்க்காரன் பாவாடையிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு அவள் திருப்பூருக்குப் போவதாகப் பேச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே கொல்லைக்குப் போனேன். களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"பீடத்து வெங்காயம் எங்கம்மா?"

"வித்துட்டேன்ணே."

"வருஷா வருஷம் இதே பாட்டு! விதைக்குன்னு குடுத்தத விப்பியா? நாளைக்கு நாங்க இல்லேன்னா என்ன பண்ணுவ?"

அவள் பிடுங்கிய களையை வரப்பில் போட்டாள்.

"கழுவுன வெங்காயம் விதைக்கு நிக்குமாண்ணே?" என்றாள். "பத்து நாள்ல அழுகிடாது?"

நான் வெங்காயம் போடும் வீட்டில் பிறந்தவன். தாளோடு, ஈரமில்லாமல் வைத்தால்தான் வெங்காயம் நாலு மாசம் தாங்கும். இது எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

"ஏன் சொல்லல?"

"பாஸ்டர் ஜெபம் பண்ணிக் குடுக்குறாரு. அதப் போயி நொட்ட சொல்லவா?"

"சரி, உன் கொல்லையில வெளஞ்சத எடுத்து வைக்கறது. பட்டறையில போட்டா என்ன?"

"எந்தப் பட்டறையில?"

அவள் காட்டிய இடத்தில் நான்கு கல் மட்டும் இருந்தது. அடியில் காற்றுப் போக, கல்லின்மேல் மூங்கில் பரப்பிக் கீற்று வேய்ந்து அவள் புருஷன் கட்டிய வெங்காயப் பட்டறை. முதல் வருஷம் பண்டிகைப் பந்தலுக்கு மூங்கில் போதவில்லையென்று நான்தான் பிரித்தேன். இனிமேல் உனக்கு எதற்கு, நாங்கள் இருக்கிறோமே என்றேன். அந்த மூங்கில் கோயிலுக்குப் பின்னால் கறையான் தின்று கிடந்தது.

இயேசு குருடனைப் பார்த்ததும், உனக்கு நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் பார்வை கொடுத்தார். அதைச் சபையில் எத்தனையோ முறை வாசித்தவன் நான்.

"உனக்கு என்னதான் வேணும்?" அப்போதும் எரிச்சலோடுதான் கேட்டேன்.

"மூங்கிலு. கட்ட ரெண்டு ஆளு. விதை வேணாம். எங்கக்காகிட்ட கொஞ்சம் இருக்கு, கால் ஏக்கராவது நட்டுக்கறேன்."

"இத வாசல்ல வந்து நின்னப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தாண்ணே வந்தேன். நீங்க பேச விட்டாத்தான!"

இரண்டு நாளில் கட்டினோம். நான் போட்ட கட்டுகளை அவிழ்த்து அவளே திரும்பப் போட்டாள். அடுத்த அறுவடையில் முதல் தடவை அதில் விதைக்கு வைத்ததில் பாதி அழுகிப்போனது. விதை வாங்கக் கிளம்பிய என்னை ஜோதி நிறுத்தினாள். "அவ கேட்டாளா?" கேட்கவில்லை. இருந்ததை நட்டுவிட்டு மீதி நிலத்தில் மக்காச்சோளம் போட்டாள்.

கொல்லை இன்னும் வேணியிடம்தான் இருக்கிறது. பாவாடை வேறு நிலம் பார்த்துக்கொண்டான். போதகர் ஜெயங்கொண்டத்துக்கு மாற்றலாகிப் போனார். பீடத்து வெங்காயத்தை இப்போது ஏலம் விடுகிறோம். நான் இன்னும் செயலாளர்தான். வேணி எங்கள் வாசலுக்கு வருவதில்லை.