யார் பேரில் போடுவது

"சின்னவன் சொல்ற பேரு வேணாம்னு அவன்கிட்ட சொல்லு" என்றார் அண்ணன். சின்னவன் மேசைக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தான். நான் அவன் பக்கம் திரும்பி, "வேணாமாம்" என்றேன். நடுவில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்த வெப்சைட்காரர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தலை நரைத்த மனிதர். எத்தனையோ கடைகளுக்கு வெப்சைட் போட்டவராம். இப்படி ஒரு கூத்தை வேறு எங்கேயும் பார்த்திருக்க மாட்டார்.

எங்களுடையது கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கும் மேசைக்கும் கண்ணாடி, முகம் பார்க்கிற கண்ணாடி, எல்லாம் அளவுக்கு வெட்டிக் கொடுப்போம். அப்பா போன பிறகு அண்ணனும் தம்பியும் கடைக்குச் சொந்தக்காரர்கள். நடுவில் பிறந்த நான் போன் எடுக்கிறவள், அளவு குறித்துக்கொள்கிறவள். சில வருஷங்களுக்கு முன்னால் ஆள் உயரக் கண்ணாடி ஒன்றை இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போனபோது நழுவிச் சுக்குநூறாகிவிட்டது. அவன்தான் கையை விட்டான் என்று இவர், இவர்தான் விட்டார் என்று அவன். அன்றைக்கு நின்றது பேச்சு. ஆனால் கண்ணாடி தூக்க இரண்டு பேரும் வேண்டுமே! ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் "ம், தூக்குங்க" என்றால்தான் தூக்குவார்கள். ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் தூக்கினால் மானம் போய்விடும். என் மானத்தைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை.

வெப்சைட்டுக்கு அண்ணன் தன் மகள் பேரைச் சொன்னார். சின்னவன் தன் மகன் பேரைச் சொன்னான். வெப்சைட்காரர் பாவம், சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு, "அப்பா பேரையே வச்சிடலாமே" என்றார்.

"அப்பாவ கடைசியில யாரு பாத்துக்கிட்டாங்கன்னு அவர்கிட்ட கேளுக்கா" என்று சின்னவன் எகிறினான்.

பார்த்துக்கொண்டது நான். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியது நான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். "நீ சும்மா இரு, கேட்டதை மட்டும் சொல்லு" என்றார் அண்ணன். சுவர் முழுக்கச் சாய்த்து வைத்திருந்த கண்ணாடிகளில் எந்தப் பக்கம் பார்த்தாலும் இவர்கள் இரண்டு பேரின் மூஞ்சிதான்.

வெப்சைட்காரர் என்னைப் பார்த்து, "ஜனங்க இந்தக் கடைய என்னன்னு சொல்வாங்கம்மா?" என்று கேட்டார்.

"முக்குக் கண்ணாடிக் கடை. தெரு முக்குல இருக்குல்ல."

அவர் தட்டிப் பார்த்தார். "இந்தப் பேரு காலியா இருக்கு. யாரும் எடுக்கல." அண்ணனும் தலையை ஆட்டினார், சின்னவனும் ஆட்டினான். பேர் பிடித்ததனால் இல்லை. இரண்டு பேரில் யாரும் ஜெயிக்கவில்லை, அதனால்.

அப்புறம் அவர் வெப்சைட்டில் என்னென்ன வரும் என்று விளக்கினார். வாங்குகிறவர்களே அளவைப் போட்டு அனுப்பிவிடலாம், போன் பண்ணவே வேண்டியிருக்காது என்றார். அண்ணன் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, என்னிடமே சொன்னார்: "அப்ப இவளுக்கு இனிமே இங்க என்ன வேலைன்னு அவன்கிட்ட கேளு."

பழகிய வாய், அப்படியே சொன்னது. "எனக்கு இனிமே இங்க என்ன வேலைன்னு கேக்குறாரு."

சின்னவன் நகத்தைப் பார்த்துக்கொண்டே, "நானும் அதான் நினைச்சேன்னு சொல்லு. வீட்ல இருக்கட்டும்" என்றான்.

"நான் வீட்ல இருக்கணுமாம்" என்றேன் அண்ணனிடம். "சரி" என்றார். இத்தனை வருஷத்தில் இவர்கள் சண்டையில்லாமல் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். என் வேலை போன ஓலையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வெப்சைட்காரர் தொண்டையைச் செருமினார். "பேரை யார் பேர்ல பதியணும்? யாரு பேர்ல இருக்கோ அவங்கதான் சொந்தக்காரங்க. அவங்க சரின்னு சொல்லாம எதையும் மாத்த முடியாது."

"அவன் பேர்ல கூடாதுன்னு சொல்லு."

"அவரு பேர்ல போட்டா இப்பவே எந்திரிச்சுப் போயிடுவேன்னு சொல்லுக்கா."

கடைசியில் அண்ணன் அலுத்துப்போய், "இவ பேர்லயே போட்டு விடுங்க. இவ என்ன பண்ணிடப் போறா?" என்றார். சின்னவனும் தலையை ஆட்டினான். என் போனுக்கு ஓடிபி வந்தது. ஒவ்வொரு எண்ணாக நிறுத்திப் படித்தேன். "முடிஞ்சதும்மா, பேரு உங்களோடது" என்ற வெப்சைட்காரர், "முதல் பக்கத்துல யாரு நம்பர் போடணும்?" என்று கேட்டார். சகோதரர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"என் நம்பரைப் போடுங்க" என்றேன். "அளவு எழுதி அனுப்புற இடமெல்லாம் வேணாம். எனக்கு போன் பண்ணட்டும்."

அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "டேய், என்னடா பேசுறா இவ?"

"அதாண்ணே! கொழுப்பப் பாரு."

நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள். அதுவும் என்னைத் திட்டுவதற்காக.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. யாரோ துணிக்கடைக்காரர் கேட்ட ஆள் உயரக் கண்ணாடி போக வேண்டியிருந்தது. "வாடா, நாம தூக்குவோம். இவ தயவு யாருக்கு வேணும்?" என்று அண்ணன் எழுந்தார். இரண்டு பேரும் விறுவிறுவென்று போய், ஆளுக்கு ஒரு முனையில் குனிந்து, கையைக் கொடுத்தார்கள்.

அப்படியே நின்றார்கள்.

பிறகு இரண்டு தலைகளும் மெதுவாக என் பக்கம் திரும்பின. அவர்களுக்கு நடுவில் அந்தக் கண்ணாடியில் நான் தெரிந்தேன், நாற்காலியில், கைகளைக் கட்டிக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு. வேன் இன்னொரு தடவை ஹாரன் அடித்தது.