நாற்பத்தேழாம் டோக்கன்

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் பாலகுரு விருதுநகரிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு தாயில்பட்டி வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. அங்கே பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. வேப்பமரங்கள் கொட்டகைப் பக்கம் கருகியும் ரோட்டுப் பக்கம் பச்சையாகவும் நின்றன. காற்று அடித்தால் மண்ணுக்குள்ளிருந்து அலுமினியப் பவுடர் மினுங்கியது.

சீல் வைத்த கொட்டகைகளுக்கு இப்பால் ஆபீஸ் அறை மட்டும் முழுசாக இருந்தது. உள்ளே மேனேஜர் சீனிவாசகம், வாசற்படியில் இருளம்மாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

“இந்த சிஸ்டம்தான் தம்பி. அன்னைக்கு அதிர்ச்சியில நின்னது, எழும்ப மாட்டேங்குது” என்றார் சீனிவாசகம். “வெளிய எதையும் கொண்டு போகக் கூடாதுன்னு முதலாளி உத்தரவு. இங்கன வச்சே பாக்கணும்.”

“அப்படி என்ன சார் இருக்கு இதுக்குள்ள?”

இருளம்மாள்தான் பதில் சொன்னாள். அவளும் அங்கே பல வருஷம் வேலை பார்த்தவள், எல்லார் டோக்கன் நம்பரும் மனப்பாடம். அவள் மகள் வேல்விழி, டோக்கன் நம்பர் நாற்பத்தேழு. அன்று காலை புருஷனோடு சண்டை போட்டுவிட்டுத் தூக்குச்சட்டியோடு கிளம்பியவள். அவள் வேலை பார்த்த கடைசிக் கொட்டகையில் இருந்தவர்களை இன்னார் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று. ஹாஜர் நோட்டும் அங்கேயே எரிந்துவிட்டது. ஆனால் கண்காணி நோட்டில் குறித்ததைத் தினமும் எட்டரை மணிக்குச் சீனிவாசகம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார்.

“சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல பாத்தோம்னு சொல்லுதாக தம்பி. ஓடிப்போனவன்னு மருமகன் வீட்டுல பேரு வச்சு முடிச்சிட்டாக. செத்திருந்தா மானத்தோட செத்தா. ஓடியிருந்தா எங்கனயாச்சும் உசுரோட இருக்கா. எதைச் சொல்லிச் சாமி கும்பிடன்னு தெரியலய்யா. விடியக்காலம் தூக்குச்சட்டி வளையம் கிணுங்குது. கதவத் தொறந்தா ஆளில்ல.”

சீனிவாசகம் சுவரைப் பார்த்துச் சொன்னார். “நூத்திப் பத்துப் பேரு. நான் நம்பர் மட்டும்தான் அடிப்பேன், தம்பி. முகத்தைப் பாத்ததில்ல. யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், அந்த நம்பரை அடிச்ச ஞாபகமே வரல.”

பாலகுரு பட்டனை அமுக்கினான். விசிறி சுற்றியது. கறுப்புத் திரையில் ஒரு வரி ஆங்கிலம் வந்து நின்றது. உள்ளே ஹார்ட் டிஸ்க் நகத்தால் தகரத்தைத் தட்டுவது போல டிக், டிக் என்றது. இருளம்மாள் எழுந்து நின்றாள்.

“பயப்படாதீக. எழுப்பி விடுற ஃபைல் கெட்டிருக்கு. மத்தது இருந்தா இருக்கும். டிஸ்க் ரொம்ப நாள் தாங்காது. விண்டோஸ் 98 ஸ்டார்ட்அப் ஃபிளாப்பி வச்சிருக்கீகளா? சிஸ்டம் வாங்கும்போது போட்டுக் குடுத்திருப்பாக. அத வச்சு எழுப்பிப் பாக்கலாம்.”

சீனிவாசகம் பீரோவிலிருந்து பட்டுத்துணி சுற்றிய ஒன்றைப் பக்தியோடு எடுத்து வந்தார். ஃபிளாப்பியின் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து மூன்று அடுக்காக இருந்தன. தகர மூடியைத் தள்ளிப் பார்த்தான் பாலகுரு. உள்ளிருக்கும் கறுப்புத் தகட்டிலும் வட்டமாக ஒரு பொட்டு.

“ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் வச்சேன். இது அவசரத்துக்கு உதவுறதுன்னு சிஸ்டம் வித்தவன் சொன்னான். அதான் உள்ளயும் ஒண்ணு…” அவர் குரல் இறங்கிவிட்டது. “கெட்டுப்போச்சா?”

பாலகுருவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் பட்டுத்துணியைப் பத்திரமாக மடிப்பதைப் பார்த்ததும் அது போய்விட்டது. “சாமிக்கு வச்சது வீணாகாது சார். நான் வேற போட்டுட்டு வாரேன்.”

சிவகாசியில் காசிராஜனின் லேபிள் அச்சகத்தில், பழைய ஸ்கேனருக்காக விண்டோஸ் 98 இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏலே, கிட்னியக் கேளு, தாரேன். சீசன்ல சிஸ்டத்தைக் கேக்கியே!” என்றார் காசிராஜன். “எட்டு லட்சம் லேபிள் நிக்குது.”

பாலகுரு விஷயத்தைச் சொன்னான். காசிராஜன் ஆபரேட்டரின் தோளைத் தட்டி எழுப்பிவிட்டார். “உக்காருலே.”

கன்ட்ரோல் பேனலில் ஸ்டார்ட்அப் டிஸ்க் உருவாக்கும் இடத்துக்குப் போய்ப் பாலகுரு பட்டனை அமுக்கினான். முதல் ஃபிளாப்பி கெட்டது என்று பாதியில் திரையில் வந்தது. இரண்டாவதும் அப்படியே. காசிராஜன் தன் டிசைன் ஒன்று இருந்த ஃபிளாப்பியை நீட்டினார். “இது நல்ல டிஸ்க். அழிச்சுக்கோ. பூச்சட்டி லேபிள்தான், திரும்ப வரஞ்சுக்கலாம்.” அதில் எழுதி முடிந்தது.

“பொட்டு மட்டும் வச்சிராதீகன்னு சொல்லு” என்றார் வழியனுப்பும்போது.

தாயில்பட்டி அறையில் ஃபிளாப்பி டிரைவ் கரகரவென்று படித்தது. ‘A’ என்ற எழுத்து வந்து, பக்கத்தில் ஒரு கோடு கண் சிமிட்டியது. ஹார்ட் டிஸ்க்கான ‘C’க்குப் போனான். டிக் சத்தம் நெருக்கமாகக் கேட்டது. ஹாஜர் ஃபோல்டர் இருந்தது. விபத்து நடந்த அன்றைய தேதி ஃபைலும் இருந்தது.

அதைத் திறந்தான். கறுப்பில் வெள்ளையாக எண்கள் இறங்கி, ஒரு திரை நிறைந்ததும் நின்றன. வந்த வரிசையில் அடித்தவை. நாற்பத்தேழு இல்லை. ஒரு கீயைத் தட்டினான். அதிலும் இல்லை.

இருளம்மாள் படிக்கத் தெரியாதவள். அவன் முகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் திரையில் நடுவில் இருந்தது. 47.

ஒரு கீயைத் தட்டினால் அந்த எண் மேலே போய்விடும். ‘இல்லம்மா’ என்று சொன்னால் அவள் மகள் எங்காவது ஓர் ஊரில் உயிரோடு இருந்துகொண்டிருப்பாள். பாலகுரு விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நாற்காலியை விட்டு இறங்கி, படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“வேலைக்கு வந்திருக்காகம்மா.”

அவள் தலையை ஆட்டினாள். “சாப்பிடாமப் போனா” என்றாள்.

சீனிவாசகம் அன்றைக்குத்தான் அவளை நேராகப் பார்த்தார். “மருமகன் வீட்டுக்கு நானே வந்து சொல்லுதேன். முதலாளி என்ன வேணாலும் சொல்லட்டும்.”

இருளம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைக் காட்டினாள். “அவ பக்கத்துல யாரு?”

“பதினெட்டு” என்றான் பாலகுரு.

“அது ரோஜா. எம் மக கூடத்தான் வருவா. அடுத்து?”

“அறுபத்தி ரெண்டு.”

“முத்துக்கருப்பன் சம்சாரம் முருகம்மா.”

ஹார்ட் டிஸ்க் தட்டிக்கொண்டே இருந்தது. சீனிவாசகம் மேஜையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே அவள் சொன்ன பெயரை எழுத ஆரம்பித்தார்.